பல கண்மாய், ஒரே தண்ணீர்: கம்ப்யூட்டர்களைக் கோர்த்த கதை

(ஆடியோ எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)



இன்னைக்கு நாம பேசப்போறது கம்ப்யூட்டர் வரலாறு. ஆனா நான் செல்லூர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். மதுரைக்காரங்களுக்கு 2024 அக்டோபர் 25 ஞாபகம் இருக்கும். சில மணி நேர மழை. செல்லூர் கண்மாய் நிறைஞ்சு, பந்தல்குடி வாய்க்கால் கரை தாண்டி, தண்ணி தெருவுக்குள்ள வந்துடுச்சு. "இவ்வளவு சின்ன மழைக்கா?"ன்னு எல்லாரும் கேட்டாங்க.

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் இருக்கிற கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் கிடையாது. ஒண்ணு நிறைஞ்சா கலுங்கு வழியா மறுகால் பாயும், அந்தத் தண்ணி வாய்க்கால்ல போய் அடுத்த கண்மாய்ல சேரும், அது நிறைஞ்சா அதுக்கு அடுத்தது. ஒரு பெரிய அணை கட்ட முடியாத சமவெளியில, சின்னச் சின்ன கண்மாய்களைச் சங்கிலியாக் கோர்த்து ஒரே அமைப்பா ஆக்கியிருக்காங்க. சங்கிலியில ஒரு கண்ணி தூர்ந்து போனா, அந்த ஒரு ஊர் மட்டும் பாதிக்கப்படுறதில்ல.

இதை மனசுல வச்சுக்கோங்க. இன்னைக்கு எபிசோடு முழுக்க இதேதான், தண்ணிக்குப் பதிலா வேலையும் தகவலும் பாயப்போகுது. நிறைய சின்ன கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஒரே பெரிய கம்ப்யூட்டர் மாதிரி நடக்க வைக்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளோட கதை. அதுல தமிழ்நாட்டுக்கு எந்த இடம், அப்புறம் அந்த மென்பொருளெல்லாம் இப்போ என்ன ஆச்சு, ரெண்டையும் பார்ப்போம்.

அணை கிடைக்கலைன்னா?

1980-களில் சூப்பர் கம்ப்யூட்டர்னா அமெரிக்காவோட கிரே நிறுவனம் செய்ற மெஷின்தான். ஒரே ஒரு பிரம்மாண்டப் பெட்டி, கோடிக்கணக்குல விலை. இந்தியா கேட்ட பெரிய மாடலைக் கொடுக்க அமெரிக்க அரசு சம்மதிக்கலை. அணு ஆயுதம், ஏவுகணை வேலைக்குப் பயன்படுத்திடுவாங்கன்னு சந்தேகம். கடைசியில அதைவிடச் சின்ன எக்ஸ்-எம்பி 14 மாடல்தான் டெல்லிக்கு வந்துச்சு, அதுவும் வானிலை ஆய்வுக்கு மட்டும்.

அதுக்கு இந்தியாவோட பதில் 1988-ல் புனேயில் தொடங்கின சி-டாக். விஜய் பட்கர் தலைமையில 1991-ல் பரம் 8000 வெளிவந்தது. உள்ளே இருந்தது டிரான்ஸ்பியூட்டர்ங்கிற சின்ன சிப்கள். தனித்தனியாப் பார்த்தா ஒவ்வொண்ணும் சாதாரணம்தான். 64 சிப்களைக் கோர்த்து வேலையைப் பிரிச்சுக் கொடுத்ததுல வேகம் வந்துச்சு. அணை கிடைக்கலையா, கண்மாய்களைக் கோர்ப்போம்னு முடிவு பண்ணின கதை அது.

ஆனா அப்போ கோர்க்கிற நூலை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாத் திரிச்சாங்க. சி-டாக்கோட மென்பொருள் சி-டாக் மெஷினுக்கு, கிரேயோட மென்பொருள் கிரேக்கு. மதுரையில ஒரு காலேஜ் லேப்ல இருபது கம்ப்யூட்டர் சும்மா கிடந்தாலும், அதைக் கோர்க்க அவங்ககிட்ட ஒண்ணும் கிடையாது.

1994-ல் அது மாறிச்சு. அமெரிக்காவில் நாசாவின் கொடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் ரெண்டு பேரும் கடையில கிடைக்கிற 486 ரகக் கம்ப்யூட்டர் 16-ஐ சாதாரண ஈதர்நெட் கேபிள்ல கோர்த்தாங்க. உள்ளே லினக்ஸ், அப்போதான் 1.0 பதிப்பு வந்திருந்தது. நெட்வொர்க் கார்டுக்குத் தேவையான டிரைவர்களை பெக்கரே எழுதினார், எழுதினதை எல்லாருக்கும் திறந்தே விட்டார். அந்த அமைப்புக்குப் பேர் பேவுல்ஃப். அதுக்கப்புறம் உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குன்னு சொந்தமா கிளஸ்டர் கட்ட ஆரம்பிச்சாங்க.

"ஒரே கம்ப்யூட்டர்"ங்கிற கனவு

இங்க ஒரு வித்தியாசத்தைச் சொல்லிடணும். பேவுல்ஃப்ல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து வேலை செய்யும். ஆனா வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சு, எது எங்க ஓடணும், எது யாருக்குத் தகவல் அனுப்பணும்னு புரோகிராம் எழுதுறவர்தான் சொல்லணும். பந்தி நடத்துற மாதிரி. எத்தனை பேர் பரிமாறினாலும், யாருக்கு எந்த வரிசைன்னு ஒருத்தர் நின்னு சொல்லிக்கிட்டே இருக்கணும்.

இன்னொரு கூட்டம் வேற மாதிரி யோசிச்சது. பயன்படுத்துறவருக்கு "இது பல கம்ப்யூட்டர்"னே தெரியக்கூடாது. அவர் பாட்டுக்கு ஒரு வேலையை ஆரம்பிக்கட்டும், அது எங்க ஓடணும்னு அமைப்பே பார்த்துக்கும். ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் அம்னோன் பராக் 1970-களின் இறுதியிலேயே இதை ஆரம்பிச்சுட்டார். அதுதான் பின்னாடி மோசிக்ஸ் ஆச்சு.

மோசிக்ஸ் எப்படி வேலை செய்யும்? ஒரு கம்ப்யூட்டர்ல வேலை அதிகமாச்சுன்னா, ஓடிக்கிட்டு இருக்கிற புரோகிராமை நடுவுலயே தூக்கி, சும்மா இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பிடும். அங்கே விட்ட இடத்துல இருந்து ஓடும். ஆரம்பிச்சவருக்கு எதுவும் மாறின மாதிரி தெரியாது. அச்சு அசலா மறுகால்தான். ஒரு கண்மாய் தாங்க முடியாததை அடுத்தது வாங்கிக்குது.

பிரச்சினை 2001-ல் வந்துச்சு. லினக்ஸுக்கான மோசிக்ஸ் அதுவரைக்கும் ஜிபிஎல் உரிமத்துல, யாரும் எடுத்து மாத்தலாம்ங்கிற நிலையில வந்தது. அந்த வருஷக் கடைசியில, இனி வரும் பதிப்புகள் அப்படி வராதுன்னு உரிமத்தை மாத்திட்டாங்க. எழுதினவங்க முடிவு, அவங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனா ஏற்கெனவே வெளியே விட்டதைத் திரும்ப வாங்க முடியாது, ஜிபிஎல்லோட பலமே அதுதான். திட்டத்துல இருந்த மோஷே பார் கடைசித் திறந்த பதிப்பை எடுத்து, 2002 பிப்ரவரியில் ஓப்பன்மோசிக்ஸ் என்று தனியாக ஆரம்பிச்சார்.

அடுத்த சில வருஷம் அதுக்கு நல்ல காலம். கிளஸ்டர்-நாப்பிக்ஸ்னு ஒரு சிடி வந்துச்சு. எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், சிடியைப் போட்டு பூட் பண்ணினா லேப்ல இருக்கிற மெஷின்கள் கிளஸ்டர் ஆயிடும். இதே கனவைத் துரத்தின இன்னும் ரெண்டு திட்டங்கள் உண்டு. ஒண்ணு எச்பி நிறுவனத்துல இருந்து வந்த ஓப்பன்எஸ்எஸ்ஐ, இன்னொண்ணு பிரான்சின் ரென் நகரத்துல உருவான கெரிகெட்.

இன்னைக்கு இந்த மூணும் புழக்கத்துல இல்லை. 2007-லேயே மோஷே பார் அறிவிச்சுட்டார், ஓப்பன்மோசிக்ஸ் 2008 மார்ச் மாசத்தோட முடியுதுன்னு. அவர் சொன்ன காரணம், ஒரே சிப்புக்குள்ள பல கோர் மலிவா வந்துடுச்சு. பத்து கம்ப்யூட்டரைக் கோர்த்துச் செஞ்ச வேலையை மேஜை மேல இருக்கிற ஒரே மெஷின் செய்யும்போது, கோர்க்குற சிரமம் எதுக்கு?

2004 ஜூன்: ஒரே பட்டியல், ரெண்டு பேர்

இப்போ தமிழ்நாட்டுக்கு வருவோம். உலகத்தின் வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியல் வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும். 2004 ஜூன் பட்டியல்ல நமக்குத் தேவையான ரெண்டு பேர் இருக்கு.

முதலாவது சென்னை தரமணியில், கணித அறிவியல் கழகம் அமைத்த கப்ரு. இமயமலையில இருக்கிற ஒரு சிகரத்தின் பேர் அது. இயற்பியலாளர் என்.டி. ஹரிதாஸ் முன்னின்று உருவாக்கினார். 144 கம்ப்யூட்டர், ஒவ்வொண்ணிலும் ரெண்டு இன்டெல் சியான் புராசசர், எல்லாம் லினக்ஸ். ஒவ்வொரு மெஷினும் தன்னோட ஆறு அண்டை மெஷின்களோட நேரடியா இணைஞ்சிருக்கும், முன்னால பின்னால, இடம் வலம், மேல கீழ. சுமார் ஒரு டெராஃபிளாப், அதாவது நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு. புரோட்டான் மாதிரித் துகள்களுக்குள்ள இருக்கிற விசையைக் கணக்கிடத்தான் அது முக்கியமா வேணும். 1980-களில் கிரேக்காகக் காத்துக்கிட்டு இருந்த நாட்டுல, ஒரு ஆய்வு நிறுவனம் சந்தையில கிடைக்கிற பாகங்களையும் திறந்த மென்பொருளையும் வச்சு அந்த 500-க்குள்ள வந்துடுச்சு.

ரெண்டாவது அந்தப் பட்டியலோட ரெண்டாம் இடம். ஜப்பானின் எர்த் சிமுலேட்டருக்கு அடுத்து, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் இருந்த தண்டர். 1,024 சர்வர், 4,096 புராசசர், கிட்டத்தட்ட 20 டெராஃபிளாப். கட்டினது ஐபிஎம்மும் இல்லை, கிரேயும் இல்லை. கலிஃபோர்னியா டிஜிட்டல்னு ஒரு சின்ன நிறுவனம். அதன் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஆனந்த் பாபு பெரியசாமி, சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவர்.

ஒரு சின்ன கம்பெனியால அப்படி எப்படி முடிஞ்சது? இயங்குதளம், கம்பைலர், மெஷின்களைத் தூரத்துல இருந்து கண்காணிக்கிற கருவி, இதையெல்லாம் அவங்க முதல்ல இருந்து எழுதத் தேவையில்லை. உலகம் பூரா இருக்கிற ஆட்கள் எழுதித் திறந்து வச்சிருந்தாங்க. இல்லாததை இவங்க எழுதி, அதையும் திறந்து வச்சாங்க. ஃப்ரீஐபிஎம்ஐ அப்படி வந்த மென்பொருள்தான். ஆயிரம் சர்வர்ல எது சூடாகுது, எது செத்துப்போச்சுன்னு உட்கார்ந்த இடத்துல பார்க்க உதவும்.

ரேஷன் கார்டு கணக்கு

2005-ல் பெரியசாமி புது நிறுவனம் ஆரம்பிச்சார். முதல்ல பேர் இசட் ரிசர்ச், அப்புறம் க்ளஸ்டர். "கிளஸ்டர்"ங்கிற சொல்லோட தலையெழுத்தை எடுத்துட்டு, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் "க்னூ"வோட தலையெழுத்தை வச்சாங்க. ஆங்கிலத்துல தெளிவாத் தெரியும். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும், நம்ம எழுத்துல ஒரே "க"தானே! அதனால இனிமே கம்ப்யூட்டர் கூட்டத்தை கிளஸ்டர்னும், இந்த மென்பொருளை க்ளஸ்டர்-எஃப்எஸ்னும் சொல்றேன்.

ஆயிரம் புராசசர் சேர்ந்து வேகமாக் கணக்குப் போடும், சரி. அதுக்குத் தீனியா வேண்டிய தகவல் ஒரே ஹார்ட் டிஸ்க்ல இருந்தா? எல்லாரும் ஒரே மடையில வரிசையில நிக்கணும். அதனால டிஸ்க்குகளையும் கோர்க்கணும். நூறு சர்வர்ல இருக்கிற டிஸ்க்குகள், பயன்படுத்துறவருக்கு ஒரே பெரிய ஃபோல்டராத் தெரியணும்.

வழக்கமா இதுக்கு நடுவுல ஒரு மேலாளர் சர்வர் வைப்பாங்க. எந்த ஃபைல் எங்க இருக்குன்னு ஒரு பேரேடு அதுகிட்ட இருக்கும். அந்த ஒரு சர்வர் படுத்துட்டா எல்லாம் போச்சு. க்ளஸ்டர்-எஃப்எஸ் அந்தப் பேரேட்டையே தூக்கிட்டது.

ரேஷன் கடையில கார்டு எண்ணோட கடைசி இலக்கத்தை வச்சு நாள் பிரிக்கிறாங்கன்னு வச்சுக்கோங்க. 1-ல முடிஞ்சா திங்கள், 2-ல முடிஞ்சா செவ்வாய். உங்க நாள் எதுன்னு யார்கிட்டயும் கேட்க வேண்டாம், கார்டைப் பார்த்தாலே போதும். க்ளஸ்டர்-எஃப்எஸ் ஃபைலோட பேரையே ஒரு கணக்குல போட்டு ஒரு எண் வாங்கும். அந்த எண் எந்த எல்லைக்குள்ள வருதோ, அந்த டிஸ்க்லதான் ஃபைல் இருக்கும். எந்த கம்ப்யூட்டர் கணக்குப் போட்டாலும் ஒரே விடைதான் வரும். நடுவுல ஆளே இல்லை. ஒவ்வொரு டிஸ்க் பகுதிக்கும் அவங்க வச்ச பேர் "பிரிக்", அதாவது செங்கல். செங்கல் சேரச் சேரச் சுவர் பெருசாகும்.

இதுல பெரும்பங்கு வேலை பெங்களூரில் நடந்துச்சு. பண்டோரா மாதிரி இணைய ரேடியோ நிறுவனங்கள் பயன்படுத்தினாங்க. 2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் க்ளஸ்டரைச் சுமார் 13 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்குறதா அறிவிச்சது. திறந்து வச்ச மென்பொருளுக்கு யார் காசு கொடுப்பாங்கன்னு கேட்டவங்களுக்கு அது ஒரு பதில். பெரியசாமி அப்புறம் 2014-ல் மின்ஐஓ என்ற இன்னொரு சேமிப்பு மென்பொருளைச் சிலரோட சேர்ந்து ஆரம்பிச்சார்.

இதோட முடிச்சா நல்ல சினிமா. ஆனா 2024 டிசம்பர் 31-ஓட ரெட் ஹேட் தன்னோட க்ளஸ்டர் சேமிப்புத் தயாரிப்புக்கான ஆதரவை முடிச்சுக்கிட்டது. 2014-ல் அவங்க வாங்கின செஃப்ங்கிற இன்னொரு திறந்த மென்பொருள் பக்கம்தான் கவனம் போச்சு. க்ளஸ்டர்-எஃப்எஸ் நிரல் இன்னும் திறந்தே இருக்கு, நீங்க இன்னைக்கு ராத்திரி இறக்கிக்கலாம். ஆனா முழுநேரச் சம்பளத்துல அதைப் பார்த்துக்கிட்ட கூட்டம் இப்போ ரொம்பச் சின்னது.

யார் தூர் வாருவாங்க?

இப்போ திரும்ப கண்மாய்க்கு வாங்க.

நம்ம ஊர்கள்ல குடிமராமத்துன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு. கோடையில கண்மாய் வத்தும்போது, அந்தத் தண்ணியைக் குடிக்கிற, பாய்ச்சுற குடும்பங்கள் எல்லாம் வந்து வாய்க்காலைத் தூர் வாரணும், கரையை உயர்த்தணும், மடையைச் சரிபார்க்கணும். தண்ணியில பங்கு உண்டுன்னா மண்வெட்டியிலயும் பங்கு உண்டு. பிரிட்டிஷ் காலத்துல அந்த வழக்கம் தளர ஆரம்பிச்சது. 1858-ல் மதராஸ் மாகாணத்துல அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாவே போட்டுப் பார்த்தாங்க. தானா நடந்ததுக்குச் சட்டம் போட வேண்டி வருதுன்னாலே, அது உள்ளுக்குள்ள உடைய ஆரம்பிச்சுடுச்சுன்னுதான் எனக்குத் தோணுது. 2017-ல் தமிழ்நாடு அரசு அதே குடிமராமத்துங்கிற பேர்ல ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. இடைப்பட்ட காலத்துல சமவெளியில நிறைய கண்மாய் கட்டடம் ஆயிடுச்சு. மதுரையில உயர் நீதிமன்றக் கிளை இருக்கிற இடத்தோட பேர் உலகனேரி. ஏரிங்கிறது பேர்ல இருக்கு.

ஓப்பன் சோர்ஸ் உரிமம் நமக்குத் தர்றது தண்ணியில பங்கு. மோசிக்ஸ் மூடினப்போ ஓப்பன்மோசிக்ஸைப் பிறக்க வச்சது அந்த உரிமைதான். தரமணியில கப்ருவுக்கு லினக்ஸ் கிடைச்சதும், சிதம்பரத்துல படிச்ச ஒருத்தர் உலகத்தோட ரெண்டாவது வேகமான மெஷினைக் கட்டின அணியில முன்னாடி நின்னதும் அதனாலதான். அது இல்லாட்டி நாம இன்னும் கிரே வாசல்ல நிக்கணும். ஆனா அந்த உரிமம் தூர் வாராது. நிரல் திறந்திருந்தும் ஓப்பன்மோசிக்ஸ் நின்னுடுச்சு. க்ளஸ்டர்-எஃப்எஸ் எவ்வளவு நாள் ஓடும்ங்கிறது, அதைப் பயன்படுத்துறவங்கள்ல எத்தனை பேர் மண்வெட்டியோட வர்றாங்கங்கிறதைப் பொறுத்தது.

இதெல்லாம் தூரத்துக் கதை இல்லை. மதுரையில இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள, திருச்சி என்ஐடியில் 2022 மே மாசம் பரம் பொருள்னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பேரே தமிழ்ச் சொல். 19 கோடி ரூபாய், 838 டெராஃபிளாப். கப்ருவைப் போல எண்ணூறு மடங்குக்கு மேல. உள்ளே அதே யோசனைதான், நிறைய சர்வர்களைக் கோர்த்து லினக்ஸ்ல ஓட்டுறது. 2017 நவம்பர்ல இருந்து உலகத்தோட முதல் 500 மெஷின்களும் லினக்ஸ்லதான் ஓடுது. "ஒரே கம்ப்யூட்டர்"ங்கிற பழைய கனவும் முழுசாச் சாகலை. உங்க போன்ல ஒரு போட்டோவை கிளவுட்ல போடும்போது அது எந்த ஊர் சர்வர்ல விழுதுன்னு உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

சரி, நீங்க என்ன பண்ணலாம்? காலேஜ்ல படிக்கிறீங்கன்னா, ஓரங்கட்டின பழைய மெஷின் ரெண்டு போதும். ரெண்டுலயும் லினக்ஸ் போட்டு, க்ளஸ்டர்-எஃப்எஸ் இறக்கி, ஒண்ணை இன்னொண்ணுக்கு அறிமுகப்படுத்தி, ஒவ்வொரு ஃபைலும் ரெண்டுலயும் நகலா இருக்கிற மாதிரி ஒரு ஃபோல்டர் உருவாக்குங்க. ஒரு சாயங்கால வேலை. அப்புறம் ஒரு மெஷினோட ஒயரைப் புடுங்குங்க. சில நொடி திணறும், அப்புறம் ஃபைல் அங்கேயே இருக்கும். அதைக் கண்ணால பார்க்கிறது இந்த எபிசோடை விட நல்லாப் புரிய வைக்கும்.

பார்க்கும்போது ஏதாவது ஒரு இடத்துல மாட்டுவீங்க. ஒரு கட்டளை வேலை செய்யாது, இல்லை விளக்கக் குறிப்பு பழசா இருக்கும். அங்கே விட்டுட்டுப் போயிடாதீங்க. எது தப்புன்னு எழுதி அவங்களுக்கு அனுப்புங்க. குறிப்பைத் திருத்துங்க. தமிழ்ல ஒரு பக்கம் எழுதிப் போடுங்க. ஒரு கூடை மண்ணுதான். ஆனா அடுத்து வர்ற ஆளுக்கு வாய்க்கால் அந்த அளவுக்குத் திறந்திருக்கும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். செல்லூர் பக்கம் போனா, கண்மாய்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டுப் போங்க.